வெள்ளிக்கிழமை வேர்ச்சொல் டெஸ்ட்

ஃபோனைக் கீழ வைங்க மேடம். அப்பாவைக் கூப்பிட்டு என்ன ஆகப்போகுது? பனி தள்ற வண்டில இருப்பாரு, எடுக்க மாட்டாரு. தண்டனை எதுவானாலும் குடுங்க, கேன்டீன் தரையைத் தேய்க்கச் சொன்னாலும் தேய்க்கிறேன். வீட்டுக்கு மட்டும் சொல்ல வேணாம்.

ஆமா, மைக்ல பேசினது நான்தான். வேர்ச்சொல் நடத்தற வாண்டர்ஸ்லூட் சார் குரல் ரொம்ப ஈஸி மேடம். மூக்கை லேசாப் பிடிச்சுக்கிட்டு, வார்த்தைக்கு வார்த்தை எச்சில் முழுங்கணும். மாணவர்களே... நாளைக்கு... வேர்ச்சொல் டெஸ்ட்... கிடையாது. அவ்ளோதான், ஸ்கூலே நம்பிடுச்சு. சாரே வாய் நிறைய சாண்ட்விச்சோட ஸ்பீக்கரை அண்ணாந்து பாத்து, இதை நான் எப்போ சொன்னேன்னு பக்கத்துல கேட்டாராமே.

உங்க குரலா? வரும். இன்னிக்கு வேணாம்.

படிக்காம தப்பிக்கவா? இந்தாங்க, வேர்ச்சொல் எழுதிக் கோத்த என் கார்டு வளையம். வாரத்துக்கு இருபது வேர், ஒண்ணு குறையாது. கேட்டுப் பாருங்க. ஹைட்ரோ தண்ணி. ஜியோ மண்ணு. கார்டியோ இதயம். கிரேக்கக்காரனும் லத்தீன்காரனும் நமக்கு மாமன் மச்சான் மாதிரி. எவ்ளோ நீட்டு வார்த்தையானாலும் மீனை அரியற மாதிரி துண்டு போட்டு வச்சிருவேன். அப்பாவுக்கு அதுல அவ்ளோ பெருமை. வண்டி ஷெட்ல ஒருத்தர் பாக்கியில்லாம சொல்லி வச்சிருக்காரு.

சேச்சே, பயமெல்லாம் இல்ல. கை நீட்டுற ஆளே இல்ல அவரு.

சரி, சொல்றேன். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிலேருந்து அவரு ஃபோனுக்கு ரிசல்ட் வந்துச்சு. இப்பல்லாம் டாக்டர் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே நமக்கு வந்துடுதே, அதான். டாக்டரைப் பாக்கறது திங்கக்கிழமை. சூப் கிண்ணத்தைத் தள்ளி வச்சிட்டு ஃபோனை என்கிட்ட நீட்டறாரு. டேய் எல்லிஸ், கூகுள்ல போனா சளிக்குக்கூட சாவுன்னு போடுவான், நீ பிரிச்சுச் சொல்லுடா, இதுக்குத்தானே படிக்கிறேன்னாரு. ரெண்டே வார்த்தை. முதல் வார்த்தைல ஹெபட்டோன்னா ஈரல். செல்லுலர்னா செல்லு. அதுவரைக்கும் சொல்லிட்டேன். அடுத்து கார்சினோமா. இது இன்னும் நடத்தலப்பா, வெள்ளிக்கிழமை டெஸ்ட்ல வருதுன்னுட்டேன். வாய்க்கு வந்தது அது.

சரிடா, படிச்சிட்டு வந்து சொல்லுன்னாரு. காலண்டர்ல வட்டம் வேற போட்டுட்டாரு. இன்னிக்குக் காலைல பூட்ஸ் மாட்டிக்கிட்டே கேக்கறாரு, நாளைக்குத்தானே டெஸ்ட்டுன்னு. நீங்க கூப்பிட்டீங்கன்னா நாளைக்கு டெஸ்ட் உண்டுன்னு தெரிஞ்சுடும்.

ஏரி நல்லா உறைஞ்சிடுச்சு மேடம். சனிக்கிழமை ஐஸ்ல துளை போட்டு மீன் பிடிக்கப் போறோம், அவரும் நானும். வீட்ல இருக்கறதே ரெண்டு பேர்தான். ஒரு சனி ஞாயிறு, அவ்ளோதான் கேக்கறேன். டெஸ்ட்டைத் திங்கக்கிழமைக்குத் தள்ளி வைங்க. அதுக்கப்புறம் டாக்டர் சொல்லிக்கட்டும், அது அவரு வேலை.

டிஷ்யூ எனக்கு வேணாம், நீங்க எடுத்துக்கோங்க.

அந்தக் கார்டா? நாளைய டெஸ்ட்ல அது இல்லவே இல்ல மேடம். அக்டோபர்லயே நடத்தியாச்சு. கார்சினோமான்னா புத்துநோய்னு எழுதி நூத்துக்கு நூறு வாங்கினேன். அந்தப் பேப்பரை ஃப்ரிட்ஜ்ல ஒட்டினதே அவருதான்.