விமானம் போட்ட விசை

மடிக்கணினி ஒழுங்காக ஓடும்வரை என் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. அதில் தப்பில்லை. ஜோர்டான் தலைநகர் அம்மானில் எங்கள் பொறியியல் நிறுவனத்தில் எழுபது பேர் வேலை பார்க்கிறார்கள். எழுபது பேரின் கணினிகளுக்கும் நான் ஒருவன், கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஓர் அறையில். மாடிக்குப் போனால் "ஐ.டி வந்தாச்சு" என்பார்கள். வேலை முடிந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே "சரி, போ" என்பார்கள்.

அபூ ராத்திப் அப்படியில்லை. பாலங்கள் வடிவமைக்கும் மூத்த பொறியாளர், ஐம்பத்தெட்டு வயது. நான் முதல்முறை அவர் மேசைக்குப் போனபோதே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருப்பா ஃபவ்வாஸ். நின்னுக்கிட்டே இருக்க நீ என்ன போலீஸா?"

ஏலக்காய் மணக்கும் காப்பியை ஊற்றித் தந்தார். அவர் மனைவி செய்த எள் பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். என் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்தார். அந்த அலுவலகத்தில் எனக்கு ஓர் அம்மா இருப்பது தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

சிக்கல் சாதாரணமானது. அவருடைய மடிக்கணினி நாள் முழுக்க டாக்கிங் ஸ்டேஷனில் செருகியே இருக்கும். பெரிய திரை, மவுஸ், கம்பி இணையம் எல்லாம் அதன் வழியாகத்தான். அங்கிருந்து பிடுங்கிக்கொண்டு கூட்ட அறைக்குப் போனால் வைஃபை வராது. விசைப்பலகையில் விமானப் படம் போட்ட விசையை அழுத்தினால் வந்துவிடும். காரணத்தைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். கம்பி இணையம் கிடைத்ததும் வைஃபையை அணைத்துவிடும் ஓர் அமைப்பு உள்ளே இருந்தது. பழைய கணினி என்பதால் அணைத்ததைத் திரும்பப் போட அதற்குத் தெரியவில்லை. அந்த அமைப்பில் ஒரு டிக்கை எடுத்தால் போதும், ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை.

நான் எடுக்கவில்லை. அன்று அவ்வளவுதான் செய்தேன், அதாவது ஒன்றும் செய்யவில்லை. விசையை அழுத்திக் காட்டி, "கை பட்டிருக்கும், அபூ ராத்திப்" என்றேன். சிரித்தார். இரண்டாவது காப்பி வந்தது.

வாரத்துக்கு இரண்டு தடவை கூப்பிடுவார். ஒரு தடவைகூட நான் தாமதித்ததில்லை. கூட்டத்தில் இருந்தவர்கள்தான் மோசமாக நடந்துகொண்டார்கள். எங்கள் மேலாளர் லமீஸ் ஒருநாள் எல்லோர் முன்னாலும், "அபூ ராத்திப், ஒரு பொத்தானை ஞாபகம் வச்சுக்க முடியலையா? பாலத்தை எப்படி ஞாபகம் வச்சுக்கிறீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் நான்தான் போய் அவருக்குத் துணையாக உட்கார்ந்தேன்.

அன்றுதான் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். கடைசி ஆறு வருடம் பெற்ற பிள்ளைகளின் பெயரே தெரியாமல் இருந்து செத்தவர். "எங்கப்பாவுக்கும் இப்படித்தான்பா ஆரம்பிச்சுது. அடுப்பு பொத்தான், கதவுச் சாவி" என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். காப்பி ஆறிவிடும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். பொறியாளர் அல்லவா. அந்த விமான விசையின் மேல் மருந்துக்கடை பிளாஸ்திரியை அழுத்தி ஒட்டிவிட்டு, "இப்போ பார்க்கலாம், என் கையா, இந்தக் கழுதையா" என்றார். அதற்குப் பிறகும் வைஃபை போனால் தப்பு தன்மேல் இல்லையென்று அவருக்குத் தெரிந்துவிடும். நல்ல யோசனைதான். மதியத் தொழுகைக்கு அவர் கை கால் கழுவப் போன நேரம், மேசையருகே யாரும் இல்லை. நான் பிளாஸ்திரியை உரித்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்தவர் கணினியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குப் போனார். வைஃபை இல்லை. பிளாஸ்திரியும் இல்லை. என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது தரையில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"நான்தானே ஒட்டினேன், ஃபவ்வாஸ்? நீ பார்த்தேல்ல?"

"நான் கவனிக்கலையே" என்றேன்.

மறுநாள் காலை முதல்முறையாக அவர் என் அறைக்கு இறங்கி வந்தார். நான் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றிக் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. பெண் கேட்டு வருபவன், கொலைக்கு மன்னிப்பு கேட்டு வருபவன், எல்லோரும் இப்படித்தான் வைப்பார்கள். கேட்டதைத் தருவதாக வீட்டுக்காரன் வாக்குக் கொடுக்கும்வரை கோப்பை உதட்டுக்குப் போகாது.

"குடிங்க, அபூ ராத்திப்" என்றேன். "வந்த காரியம் முடிஞ்சுதுன்னு வச்சுக்குங்க."

ஒரே மடக்கில் குடித்தார்.

"உண்மையைச் சொல்லுப்பா. பழுது அந்த மெஷின்லயா, என்கிட்டயா?"

என் காப்பி அவர் வயிற்றில் இருந்தது. என் வாக்கு என் வாயில் இருந்தது. அதே சட்டையைத்தான் போட்டிருந்தேன். பையில் பிளாஸ்திரி இருந்தது.

"மெஷின்ல ஒண்ணும் இல்லைங்க" என்றேன்.

தலையை மெதுவாக ஆட்டினார். "நீ ஒருத்தனாவது மறைக்காம சொன்னே. அல்லாஹ் உன்னை நல்லா வைக்கட்டும்" என்றார். எங்கள் வேலை வாரம் தொடங்கும் ஞாயிற்றுக்கிழமை ராஜினாமா கொடுத்தார். லமீஸ் ஒரு கேக் வாங்கி வெட்டி, அந்த மடிக்கணினியையே அவருக்குப் பரிசாகக் கொடுத்துவிட்டார்.

இப்போது அவர் கார் ஓட்டுவதில்லை. அடுப்புப் பக்கம் அவர் மனைவி உம் ராத்திப் அவரை விடுவதில்லை. பாலத்துக் கணக்கு எதையும் தொடமாட்டேன், ஆட்கள் செத்துவிடுவார்கள் என்கிறார். மருத்துவர் மூன்று முறை சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்று சொன்னாராம். "டாக்டருக்கு என்ன தெரியும், ஃபவ்வாஸுக்குத்தான் தெரியும்" என்கிறார். எனக்குத் தூக்கம் போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு இறங்கவில்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் வீட்டுக்குப் போகிறேன். அந்தக் குடும்பத்தில் என்னைப் பிள்ளை மாதிரிதான் பார்க்கிறார்கள்.

போன வெள்ளிக்கிழமை எல்லாவற்றுக்கும் பரிகாரமாக ஒன்று செய்தேன். நல்ல டாக்கிங் ஸ்டேஷன் ஒன்று வாங்கிப் போய், அவர் மேசையில் வைத்து, வீட்டு இணையக் கம்பியை அதில் செருகிக் கொடுத்தேன். குழந்தைபோல மகிழ்ந்தார். அந்த டிக்கை எடுத்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேதான் போனேன். அதற்குள் தட்டு நிறைய எள் பிஸ்கட் வந்துவிட்டது.

நேற்று போன் செய்தார். "ஃபவ்வாஸ், தாழ்வாரத்துக்கு எடுத்துட்டு வந்தேன்பா, வைஃபை வரலை. மறுபடியும் கை பட்டுடுச்சு போல" என்றார்.

"கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றேன். "காப்பி வைக்கச் சொல்லுங்க."