ஒத்த விசில்

நிலவழகன்: ஊதுங்கண்ணே.

ரத்தினவேல்: என்னது?

நிலவழகன்: வாயத் தொறந்து லேசா ஊதுங்க. இங்கிட்டு... என் மூஞ்சிக்கு நேரா.

ரத்தினவேல்: ஏன்டா, நீ கண்டக்டரா, டிராபிக் போலீசா?

நிலவழகன்: கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவ.

ரத்தினவேல்: ஹா...! போதுமா? என்ன வாசம் வருது, சொல்லு.

நிலவழகன்: ...வெங்காய பஜ்ஜி.

ரத்தினவேல்: நீ வாங்கிக் குடுத்ததுதான். மணமேல்குடி வந்து, வண்டியத் திருப்பிப் போட்டுட்டு, செத்த நேரம் கால நீட்டி ஒக்காந்திருக்கேன். அது பொறுக்கல ஒனக்கு. டிரைவரப் பாத்து ஊதச் சொல்ற!

நிலவழகன்: அப்ப குடிக்கல.

ரத்தினவேல்: இத்தன வருசமா என் வண்டியில வார. ஒரு நாளு தொட்டுப் பாத்திருக்கியா?

நிலவழகன்: இல்லண்ணே. அதனாலதான் கேக்குறேன். காலையில அந்தக் கம்மாக்கரை வளைவுல ஏண்ணே வண்டிய நிப்பாட்டுனீங்க?

ரத்தினவேல்: எந்த வளைவு?

நிலவழகன்: ஆவுடையார்கோவில் தாண்டி. அங்க ஸ்டாப்பு இல்ல, ஆளு இல்ல. ஒரு கருவ மரமும் ரெண்டு மாடும் நிக்கிது. நீங்க பாட்டுக்கு ஓரங்கட்டி நிறுத்திட்டு, கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருக்கீங்க. நான் விசிலே குடுக்கல.

ரத்தினவேல்: மாடு குறுக்க வந்துச்சு.

நிலவழகன்: மாடு அது பாட்டுக்கு மேஞ்சுச்சு.

ரத்தினவேல்: சாமி கும்புட்டேன்.

நிலவழகன்: அந்தப் பொட்டல்ல ஏதுண்ணே சாமி?

ரத்தினவேல்: எங்கிட்டு இருந்தா ஒனக்கென்ன? நின்னேன், எடுத்தேன். எவனுக்கு என்ன நட்டம்?

நிலவழகன்: முன் சீட்டுல வந்த பேங்க் சாரு மொதலாளிக்குப் போன் போட்டுட்டாருண்ணே. 'டிரைவருக்குக் கண்ணு செவந்து கெடக்கு, நடுவழியில நிறுத்திட்டு செலையா ஒக்காந்திருக்காரு'ன்னு.

ரத்தினவேல்: கண்ணு செவந்தா? ஒன் கண்ணுந்தான் செவந்து கெடக்கு. அத யாரும் சொல்லலையா?

நிலவழகன்: எனக்குத் தூசிண்ணே. பேச்ச மாத்தாதீங்க. 'என்னன்னு விசாரிச்சு வையி, வண்டி எடுக்குறதுக்குள்ள கூப்புடுறேன்'னு மொதலாளி சொல்லியிருக்காரு. குடியோ, சுகரோ, கண்ணுல கோளாறோ... எதுவா இருந்தாலும் ஒங்கள ஸ்டேரிங்ல இருந்து எறக்கிருவாரு.

ரத்தினவேல்: எறக்கிருவாரா... அவரே சொன்னாரா?

நிலவழகன்: அவரேதான். எங்கிட்டயாச்சும் சொல்லுங்கண்ணே. மதினியும் சொன்னாங்க.

ரத்தினவேல்: அவ என்ன சொன்னா?

நிலவழகன்: சாப்பாட்டுத் தூக்கு வாங்க வந்தேன்ல, அப்பச் சொன்னாங்க. சாப்புட்டு முடிச்சதும் மாடிக்குப் போயி கதவச் சாத்திக்கிறீங்களாம். காதுல வயரு. உள்ள இருந்து 'வா... வா... பைய வா... என் தங்கம்'னு கொஞ்சுற சத்தம் கேக்குதாம்.

ரத்தினவேல்: அதப் போயி ஒங்கிட்டச் சொன்னாளா?

நிலவழகன்: அழுதாங்கண்ணே.

ரத்தினவேல்: அழுதாளா...

நிலவழகன்: அண்ணே, நேராவே கேக்குறேன். பொம்பள வெவகாரமா?

ரத்தினவேல்: ...ஆமா.

நிலவழகன்: அண்ணே!

ரத்தினவேல்: ஆமான்னு வச்சுக்க. மொதலாளிகிட்டயும் அதையே சொல்லிரு. முடிஞ்சுச்சு.

நிலவழகன்: என்னண்ணே இம்புட்டுச் சுளுவா ஒத்துக்கிறீங்க! யாரு அது?

ரத்தினவேல்: இருக்கா ஒருத்தி.

நிலவழகன்: பேரு?

ரத்தினவேல்: பேரா... பேரு வந்து... செங்கமலம்.

நிலவழகன்: எந்த ஊரு?

ரத்தினவேல்: அங்கிட்டுத்தான்... அறந்தாங்கிப் பக்கம்.

நிலவழகன்: அண்ணே, நம்ம பஸ்ஸு நெத்தியில என்ன எழுதியிருக்கு?

ரத்தினவேல்: செங்க... அடச்சே.

நிலவழகன்: எதுத்தாப்புல நிக்கிற வண்டியப் பாத்து வாசிச்சுட்டீங்களாக்கும். மொதலாளியப் பெத்த ஆத்தா பேருண்ணே அது! அந்த ஆத்தா போயிச் சேந்தே எத்தனையோ வருசமாச்சு. 'ஒங்க ஆத்தாவுக்கும் ரத்தினவேல் அண்ணனுக்கும்'னு மொதலாளிகிட்டப் போயி ஆரம்பிக்கவா?

ரத்தினவேல்: அய்யய்யோ, வேணாம்டா!

நிலவழகன்: பொம்பள வெவகாரம்னு பேரு வாங்குனாலும் சரி, நெசத்தச் சொல்ல மாட்டீங்க. அதவிடக் கேவலமா அப்படி என்னதாண்ணே செய்றீங்க?

ரத்தினவேல்: சொன்னா சிரிப்ப.

நிலவழகன்: சிரிக்க மாட்டேன்.

ரத்தினவேல்: சத்தியம் பண்ணு.

நிலவழகன்: இந்தா, டிக்கெட் மெஷின் மேல சத்தியம்.

ரத்தினவேல்: ...கேம் வெளாடுறேன்.

நிலவழகன்: சீட்டா? காசு வச்சா?

ரத்தினவேல்: ச்சீ... செல்லுல. வீடியோ கேமு.

நிலவழகன்: சுடுற கேமா?

ரத்தினவேல்: ...பஸ்ஸு.

நிலவழகன்: என்னது?

ரத்தினவேல்: பஸ்ஸு ஓட்டுற கேமுடா! காது கேக்கலையா?

நிலவழகன்: க்கும்... க்கும்...

ரத்தினவேல்: பாத்தியா, சிரிக்கிற.

நிலவழகன்: இருமல்ணே.

ரத்தினவேல்: இருமலுக்கு யாருடா வயித்தப் புடிப்பா?

நிலவழகன்: இல்லண்ணே... நாள்பூரா பஸ்ஸு ஓட்டிட்டு, வீட்டுக்குப் போயி, கையக் கால அலம்பிட்டு... மறுபடியும் பஸ்ஸு ஓட்டுறீங்க!

ரத்தினவேல்: மெல்லப் பேசு. டீக்கடையில நம்ம ஆளுக நிக்கிறானுக. இது மட்டும் ஷெட்டுக்குத் தெரிஞ்சுச்சு, 'பொம்ம பஸ்ஸு ரத்தினவேலு'ன்னு பேரு வச்சு, நான் ரிட்டயர் ஆனாலும் விட மாட்டானுக. குடிகாரன்னா நாலு நாளு பேசுவானுக. பொம்பளன்னா கண்ணடிச்சுட்டுப் போயிருவானுக. பேரன் எடுக்குற வயசுல கேம் வெளாடுறான்னா... அதுக்கு மன்னிப்பே கெடையாதுடா.

நிலவழகன்: எப்படிண்ணே இதுல போயி மாட்டுனீங்க?

ரத்தினவேல்: மருமகன் புதுப் போன் வாங்கிட்டு பழையத எங்கிட்டக் குடுத்துட்டுப் போனாரு. அதுல கெடந்துச்சு. அந்தாளு வீட்டுக்கு வந்தா கேம் வெளாடிக்கிட்டே இருக்காருன்னு நான் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அலஞ்சவன். இப்ப அவரு மொகத்துல எப்படி முழிப்பேன்?

நிலவழகன்: சரி... அதுல அப்படி என்னதாண்ணே இருக்கு?

ரத்தினவேல்: மல இருக்குடா.

நிலவழகன்: மலையா?

ரத்தினவேல்: நான் வண்டி ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து இதே ரூட்டு. அறந்தாங்கியில எடுத்தா மணமேல்குடி. ரோடு தோசக்கல்லு மாதிரி கெடக்கு. நம்ம மாவட்டத்துல மலைன்னா விராலிமலை. அங்கயும் கோயிலுதான் மேல இருக்கு, பஸ்ஸு கீழேயே நின்னுருது. ஒரு கொண்ட ஊசி வளைவுல வண்டிய ஏத்திப் பாக்கணும்னு எனக்கு எம்புட்டு ஆச தெரியுமா? அந்தக் கேமுல, 'வா... பைய வா'ன்னு வண்டியக் கொஞ்சிக் கொஞ்சி ஏத்துறேன். மழ பெய்யிது. பனி எறங்குது. டைம் கீப்பரு கத்த மாட்டான். முன்னால போற வண்டிய வெரட்டி ஆளு புடிக்க வேண்டியதில்ல. பள்ளத்துல விழுந்தாலும் ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகாது, மறுபடி ஏத்தலாம். சந்தோசமா இருக்குடா. அம்புட்டுத்தான். சந்தோசமா இருக்கு.

நிலவழகன்: அந்த நாலாவது வளைவுலதான் வண்டி பின்னால உருளும்.

ரத்தினவேல்: ஆமாடா! செகண்டு கியருக்கு மாத்துறதுக்குள்ள... இரு இரு. ஒனக்கு எப்படித் தெரியும்?

நிலவழகன்: பொதுவாச் சொன்னேண்ணே. மலைன்னா நாலாவது வளைவுன்னு ஒண்ணு இருக்கும்ல.

ரத்தினவேல்: ம்...

நிலவழகன்: அத விடுங்க. மலைக்கும் கம்மாக்கரைக்கும் என்ன சம்பந்தம்? காலையில ஏன் நின்னீங்க?

ரத்தினவேல்: அது ஒரு கூத்து. நெட்டு போட்டு ஓட்டுனா வேற ஆளுகளும் வண்டியோட வருவாங்க. யாரு எவருன்னு தெரியாது, வெறும் நம்பருதான். அதுல ஒருத்தன், மஞ்ச வண்டிக்காரன். தெனம் என் பின்னாலயே வாரான்.

நிலவழகன்: மஞ்ச வண்டி...

ரத்தினவேல்: மத்த பயலுக எல்லாம் இடிச்சுட்டு, முந்திட்டுப் பறந்துருவானுக. இவன் முந்தவே மாட்டான். நான் மேட்டுல திணறுனா பின்னால நின்னு லைட்டப் போட்டுக் காட்டுவான். ஸ்டாப்பு வந்தா ஒரு தடவ ஹாரன் அடிப்பான். ஆளு ஏறி முடிஞ்சதும் ரெண்டு தடவ.

நிலவழகன்: ஒண்ணுன்னா நில்லு. ரெண்டுன்னா போ.

ரத்தினவேல்: நம்ம விசில் கணக்கேதான்! எந்த ஊருக்காரனோ, என்ன பாஷ பேசுறவனோ... எனக்கு அது அப்படியே பழகிப்போச்சு. பின்னால ஒத்த ஹாரன் கேட்டா காலு தானா பிரேக்குக்குப் போயிருது. காலையில அந்த வளைவுல ஒரு காரு பின்னால வந்து ஒத்த ஹாரன் அடிச்சான்.

நிலவழகன்: நிப்பாட்டிட்டீங்க.

ரத்தினவேல்: நிப்பாட்டிட்டு, ரெண்டாவது ஹாரன் வரும்னு கண்ணாடியப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருக்கேன். காரு எப்பவோ அங்கிட்டுப் போயிருச்சு. அப்பறந்தான் ஒறச்சுச்சு, இது ரோடு, வண்டியில ஆளுக இருக்காங்கன்னு. பயந்துட்டேன்டா. நெசமாவே பயந்துட்டேன்.

நிலவழகன்: ...ஒங்க வண்டி என்ன கலருண்ணே?

ரத்தினவேல்: அந்த வண்டியா? பச்ச. பேரு எழுதுற எடத்த வெறுமனே விட்டுட்டேன். எழுதுனா எவனாச்சும் கண்டுபுடிச்சுருவான்ல.

நிலவழகன்: பச்ச வண்டி. பேரில்ல.

ரத்தினவேல்: ஆமா. ஏன்டா மூஞ்சி ஒரு மாதிரி போகுது?

நிலவழகன்: ஒண்ணுமில்லண்ணே... போன் அடிக்கிது. மொதலாளி.

ரத்தினவேல்: ஸ்பீக்கர்ல போடு.

நிலவழகன்: வேணாம்ணே...

ரத்தினவேல்: போடுடா. என் பொழப்பு. என் காதால கேக்கணும்.

முதலாளி: நிலவழகா, பக்கத்துல அவன் இருக்கானா?

நிலவழகன்: இல்லைங்க மொதலாளி. டீக்கடைக்குப் போயிருக்காரு.

முதலாளி: விசாரிச்சியா? தண்ணியா?

நிலவழகன்: இல்லைங்க. ஊதச் சொல்லியே பாத்துட்டேன்.

முதலாளி: அப்ப ஒடம்புல என்னமோ இருக்கு. இங்க பாரு, ஒரு வண்டி ஆளுக உசுரு. கண்ண மூடிக்கிட்டு அனுப்ப முடியாது. நீதான் ஹெவி லைசென்ஸ் எடுத்து வச்சுக்கிட்டு, ஒரு வண்டி குடுங்கன்னு நச்சரிக்கிறியே. நாளைக்கு நீ ஸ்டேரிங்ல ஒக்காரு. அவனுக்கு ஷெட்டுல ஏதாச்சும் வேல பாத்துக்கலாம். என்ன சொல்ற?

நிலவழகன்: ...

முதலாளி: ஏப்பா? லைன்ல இருக்கியா?

நிலவழகன்: இருக்கேங்க. அண்ணன் மேல தப்பு இல்லைங்க மொதலாளி.

முதலாளி: ஆளே இல்லாத பொட்டல்ல நின்னது தப்பு இல்லையா?

நிலவழகன்: ஒத்த விசில் குடுத்துப் பழக்குனது நாந்தாங்க. குடுத்தா நிக்கணும்ல, நின்னாரு. அடுத்த விசிலுக்குப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அது வரல. என் தப்புதாங்க.

முதலாளி: நீயா? வெளங்காதவனே, விசிலே ஒழுங்கா ஊதத் தெரியல, ஒனக்கு எதுக்குடா ஸ்டேரிங்கு? இனிமே வண்டி குடுங்கன்னு எம் முன்னால வந்து நின்ன...

நிலவழகன்: கேக்க மாட்டேங்க.

முதலாளி: கண்ணு செவந்து கெடந்துச்சாமே, அது?

நிலவழகன்: தூக்கம் இல்லைங்க. இன்னைக்குலேர்ந்து நேரத்தோட தூங்கிருவாரு. அதுக்கு நான் பொறுப்பு.

முதலாளி: வண்டிய எடுக்கச் சொல்லு. வைக்கிறேன்.

நிலவழகன்: கெளம்பலாமாண்ணே?

ரத்தினவேல்: ஒங்கிட்ட ஹெவி இருக்கா?

நிலவழகன்: இருக்குண்ணே.

ரத்தினவேல்: வண்டி வேணும்னு கேட்டுக்கிட்டு இருந்தியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல.

நிலவழகன்: ஒங்க சீட்டக் கேக்கலண்ணே. வேற வண்டிதான் கேட்டேன். சொன்னா, நம்ம எடத்துக்குக் குறி வைக்கிறான்னு நெனச்சுருவீங்களோன்னு...

ரத்தினவேல்: தேடி வந்த சீட்ட வேணாம்னுட்ட. எனக்காகப் பொய்யி வேற சொல்லிட்ட.

நிலவழகன்: பொய்யி இல்லண்ணே.

ரத்தினவேல்: காலையில நீ எங்கடா விசில் குடுத்த? நீயே இல்லைன்னு சொன்ன.

நிலவழகன்: காலையில குடுக்கலதான்... அத விடுங்க. மொதல்ல மதினிக்கு ஒரு போனப் போட்டு நெசத்தச் சொல்லுங்க.

ரத்தினவேல்: சிரிப்பாளேடா.

நிலவழகன்: அழுகுறவங்க சிரிச்சா நல்லதுதானே.

ரத்தினவேல்: ...சரி. அறந்தாங்கி போனதும் சொல்லிர்றேன். ஆனா ரோட்டுல மறுபடி எவனாச்சும் ஒத்த ஹாரன் அடிச்சா?

நிலவழகன்: ரோட்டுல என் விசில மட்டும் கேளுங்க. அந்த மஞ்ச வண்டிக்காரனும் இனிமே ஹாரன் அடிக்க மாட்டான்.

ரத்தினவேல்: அதெப்படி நீ சொல்லுவ? அவன் பாவம்டா. நான் போகலைன்னா மல அடிவாரத்துல காத்துக்கிட்டே நிப்பான். கை சுத்தமான ஆளு, வளைவுல என்னைய விட நல்லா ஒடிக்கிறான். நெனச்சா எப்பவோ என்னைய முந்தியிருக்கலாம். ஏன் முந்த மாட்டேங்கிறான்னுதான் வெளங்கல. பயந்தாங்கொள்ளியோ?

நிலவழகன்: பயமெல்லாம் இல்லண்ணே. கண்டக்டரு எப்படிண்ணே டிரைவர முந்துவான்?