ஒருமுறை அழுத்தினால் போதும்

ஆள் இல்லாத அறையில் லைட் எரிந்தால் எனக்குப் பிடிக்காது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக் குளியலறை லைட்டை அணைப்பது எப்போதும் நான்தான். அம்மா உள்ளே இருக்கும்போதே அணைத்த நாட்களும் உண்டு.

சுபோதினி மிஸ், இதை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஹரிசனுடைய சட்டத்தரணி என்ற முறையில், எங்கள் கம்பனியின் கணினி அமைப்பு எப்படி இயங்குகிறது என்று நீதவானுக்கு விளங்கும் தமிழில் எழுதித் தரச் சொன்னீர்கள். புதுக்கடையில், நீதிமன்றத்துக்குப் பக்கத்தில், உங்கள் அறைக்குக் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் ஒரு பிளேன் டீயோடு உட்கார்ந்து எழுதுகிறேன். லைட்டிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும் என்று எனக்குப் படுகிறது. பிழையாகவும் இருக்கலாம்.

நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். ஆனால் செய்தது சரிதானா என்ற சந்தேகம் மட்டும் போகாது. கதவைப் பூட்டிவிட்டு ஜிந்துப்பிட்டிச் சந்தி வரை நடந்து, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்திருக்கிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு புடவைக் கடைக்கு மேலே மாலை வகுப்புக்குப் போகிறேன். வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தால் அன்று படித்ததையும் நடந்ததையும் கொஞ்சம் எழுதாமல் படுக்க மாட்டேன். இதையும் அந்தப் பழக்கத்தில்தான் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிவிடுங்கள்.

வகுப்பில் படிப்பது கொண்டெய்னர் கிளஸ்டர். இதைச் சொன்னதும் அப்பா, ஒருகொடவத்தை யார்டில் தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், கதைக்கவா என்று கேட்டார். இது கப்பலில் வரும் அந்தக் கொண்டெய்னர் அல்ல. ப்ரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளாகக் கட்டி, பல கணினிகளை ஒன்றாகச் சேர்த்து, அவற்றில் ஓடவிடுவது. அதிலும் சேர்வர்லெஸ் என்று ஒரு முறை இருக்கிறது. யாராவது அழைத்தால் ப்ரோகிராம் எழும்பும். வேலை முடிந்து கொஞ்ச நேரம் யாரும் அழைக்காவிட்டால் படுத்துவிடும். அப்போது ஓடிக்கொண்டிருப்பவற்றின் எண்ணிக்கை பூச்சியம். ஆள் இல்லாத அறையில் லைட் தானாக அணைந்துவிடுகிறது. இதை முதன்முதலில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்வது கடினம்.

இதையெல்லாம் மேற்பார்வை செய்வதற்கு ஒப்பரேட்டர் என்று ஒன்றை நிறுவுவோம். ஆள் இல்லை, அதுவும் ஒரு ப்ரோகிராம்தான். எது எப்படி இருக்க வேண்டும் என்று அதனிடம் ஓரிடத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதன்பின் அது ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். யாராவது வேறு வழியாகப் போய்க் கையால் எதையாவது மாற்றினால், எழுதிக் கொடுத்தபடியே திரும்ப வைத்துவிடும். கோபப்படாது, அறிவிக்காது. எனக்குப் பதிலாகப் பூட்டை இழுத்துப் பார்க்க ஒன்று கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

ஹரிசன் என்னோடு அதே கம்பனியில், அதே வகுப்பில். ஒப்பரேட்டர் பற்றிய வகுப்பன்று அவன் வரவில்லை. கெத்தாராம மைதானத்தில் கிரிக்கெட் மட்ச். அடுத்த நாள், "மச்சான், நேத்து என்ன படிப்பிச்சாங்க?" என்று கேட்டான்.

"பெரிசா ஒண்டுமில்ல" என்றேன்.

அது பொய் என்று நீங்கள் நினைக்கலாம். அந்த வாரம் வகுப்பு நடுவில் நான் ஒரு கேள்வியை இரண்டாவது தடவை கேட்டதற்கு, "தியாகு கண்ணாடியப் பார்த்தும் இது நான்தானா எண்டு ரெண்டு தரம் கேப்பான் ஸேர்" என்று கடைசி வரிசையிலிருந்து சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தவன் அவன். நானும் சிரித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. வரிசைப்படி எழுதும்போது அது இந்த இடத்தில் வருகிறது, அவ்வளவுதான்.

எங்கள் கம்பனி, தனியாக இருக்கும் வயதானவர்களுக்குக் கழுத்தில் மாட்டும் ஒரு பொத்தான் கொடுக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். பொத்தானை அழுத்தினால் வீட்டில் வைத்திருக்கும் சிறு பெட்டி எங்கள் சேவையை அழைக்கும். சேவை அந்த ஆளின் பெயரை, அழைப்புகளைக் கவனிக்கும் புளோறன்ஸ் அக்காவின் திரையில் காட்டும். அக்கா பெட்டி வழியாகவே கதைப்பார், தேவையென்றால் அம்புலன்ஸ் அனுப்புவார். அந்தச் சேவையைக் கிளஸ்டருக்கு மாற்றும் வேலையை எங்கள் பொறுப்பாளர் ஸஹாப்தீன் ஸேர் என்னிடம் தந்தார். ஒப்பரேட்டரை நிறுவினேன். யாரும் அழைக்காதபோது பூச்சியம் என்று எழுதிக் கொடுத்தேன். எங்களிடம் ஆட்கள் அதிகம் இல்லை. பெரும்பாலான நேரம் யாரும் அழுத்துவதில்லை. எத்தனை ஓடுகிறது என்று திரையில் காட்டும் கோடு கீழே இறங்கிப் படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஒவ்வொரு நாளும் மதியத்துக்குப் பிறகு மட்டும் அந்தக் கோடு ஏறியது. இறங்கப் பார்த்து, திரும்ப ஏறியது, திரும்ப ஏறியது. சாயங்காலம் வரை தூங்குவதே இல்லை. அது யார் என்று புளோறன்ஸ் அக்காவிடம் கேட்டேன்.

"வேற யாரு, நம்மட உலகப்பன் ஐயாதான்" என்று சிரித்தார். "மத்தியானம் சாப்பிட்ட உடனே அமத்துவார். 'என்னம்மா, கடை திறந்திருக்கா?' எண்டு கேப்பார். பிறகு ஸ்கோர் கேப்பார். பிறகு நான் என்ன கறி சாப்பிட்டனான் எண்டு கேப்பார். பாவம் மனுசன்."

"அவசரத்துக்குத்தானே அக்கா பொத்தான்?"

"உனக்கென்ன தம்பி, உன்ர காதிலயா கதைக்கிறார்?"

அவரைப் பார்க்க வெள்ளவத்தைக்குப் போனேன். வகுப்புக்குப் போகும் வழிதான். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி. உலகப்பன் ஐயா புறக்கோட்டையில் மொத்தக் கடை வைத்திருந்தவர். கடையைக் கொடுத்துவிட்டார், மனைவி இல்லை, மகள் விஷ்ணுப்பிரியா மெல்பர்னில். இதயத்தில் வருத்தம், மருந்து எடுக்கிறவர். கதவைத் திறந்ததும், "வாங்க தம்பி, மெஷினு ரிப்பேரா, நான் ரிப்பேரா?" என்று கேட்டார். காப்பி போட்டுத் தந்தார். நல்ல காப்பி.

தேவையில்லாமல் பொத்தானை அழுத்த வேண்டாம் என்று மரியாதையாகச் சொன்னேன்.

"தேவையில்லாமயா? தம்பி, புறக்கோட்டையில ராத்திரிக் காவலுக்கு ஆள் வச்சிருந்தேன். நடுவுல எழுந்திருச்சுப் போயி ஒரு குரல் குடுப்பேன். பதில் வந்தாத்தான் வந்து படுப்பேன். எல்லாக் கடைக்காரனும் அப்படித்தான் செய்வான். காவல்காரன் மேல சந்தேகம்னு இல்ல. கூப்பிட்டா எந்திரிக்கிறானான்னு தெரியணும்ல?"

"இது ஆள் இல்லை ஐயா. நீங்கள் கூப்பிடுவதால்தான் அது தூங்க முடியாமல் இருக்கிறது."

"காவல்காரன் எதுக்குத் தம்பி தூங்கணும்?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நீண்ட பதில், படமும் கீறினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடிவில், "அப்ப அது முழிச்சிருக்கான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்றார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். இன்னொன்றும் சொன்னேன். அவருக்கு இரண்டு மூன்று தடவை சேர்த்து அழுத்தும் பழக்கம் இருந்தது. அப்படிச் செய்தால் புளோறன்ஸ் அக்காவின் திரையில் ஒரே ஆள் பல தடவை விழுந்து கணக்குக் குழம்பும். ஆகவே, "உண்மையாகவே தேவை என்றால் ஒருமுறை அழுத்தினால் போதும் ஐயா. திரும்ப அழுத்த வேண்டாம். பொறுமையாக இருங்கள், வருவார்கள்" என்றேன்.

"சரி தம்பி. படிச்ச பிள்ளை சொல்றீங்க" என்றார். "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடுங்க, கோவிச்சுக்கிட்டு நிறுத்தலைன்னு."

அக்காவிடம் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். இதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அடுத்த நாளிலிருந்து கோடு மதியமும் படுத்தே இருந்தது. மிக அழகாக இருந்தது.

சில வாரங்களுக்குப் பிறகு ஹரிசன் அலுவலகத்தில் ஒரு புதிய பெட்டியைச் சோதித்துவிட்டு என் மேசைக்கு வந்தான். "மச்சான், முதல் அமத்தலுக்கு எடுக்குதில்ல. பெட்டி சிவப்பாகி நிண்டுடுது. ரெண்டாந்தரம் அமத்தினாத்தான் எடுக்குது."

"படுத்திருந்தது எழும்ப நேரம் எடுக்கும்தானே" என்றேன்.

"அது எழும்பிறதுக்குள்ள பெட்டி கைவிட்டுடுதடா. ஆக்கள் சாகப்போறாங்க. எப்பவும் ஒண்டாவது முழிச்சிருக்கோணும்."

அவன் சொன்னது புதிய விடயம் அல்ல. சேவை எழும்ப எடுக்கும் நேரம், பெட்டி காத்திருக்கும் நேரத்தைவிடச் சற்று அதிகம் என்று நான் முதல் நாளே அளந்து பார்த்திருந்தேன். சற்றுத்தான். குறைக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹரிசன் என் பக்கத்திலேயே உட்கார்ந்து, கிளஸ்டருக்குள் நேராகப் போய், பூச்சியம் என்றிருந்ததை ஒன்று என்று மாற்றினான். ஒப்பரேட்டரிடம் எழுதிக் கொடுக்கும் இடத்தில் மாற்றவில்லை. அப்படி ஓர் இடம் இருப்பது அவனுக்குத் தெரியாது. திரையில் கோடு ஏறியது.

"பார், ஏறிட்டுது."

"ஓம், ஏறிட்டுது" என்றேன்.

அவன் ஸேருக்குச் சொல்ல எழுந்து போனான். ஸேரின் கதவைத் தட்டுவதற்குள் ஒப்பரேட்டர் அதைப் பூச்சியமாக்கிவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் கோடும் இறங்கியது. "ஹரிசன் ஈக்கிற வரைக்கும் எனக்குப் பயமில்ல" என்று ஸேர் உள்ளே சொல்வது கேட்டது. என்னைப் பற்றி ஸேர் அப்படி எதுவும் சொன்னதில்லை. அதையும் வரிசைக்காகத்தான் எழுதுகிறேன்.

ஹரிசன் திரும்பி வந்து, "சரியா நிக்குதா மச்சான்?" என்று கேட்டான்.

"நீ போட்டது விழுந்தது. நான் கண்ணால பார்த்தனான்" என்றேன்.

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. திரும்பவும் பூச்சியமாகிவிட்டதா என்று அவன் கேட்டிருந்தால் ஓம் என்று சொல்லியிருப்பேன். ஒரு பொறியியலாளன் தன் வேலையை இரண்டாவது தடவை பார்க்க வேண்டும். பார்ப்பவனைக் கண்டு சிரிக்கக் கூடாது. அவன் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டேன். அது அவனுக்கு நல்ல பாடமாக இருக்கும்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினம் அன்று அலுவலகத்தில் ஹரிசனும் புளோறன்ஸ் அக்காவும் மட்டும் கடமையில் இருந்தார்கள். நான் வீட்டில். பிற்பகலில் பழக்கத்தில் போனில் கோட்டைப் பார்த்தேன். கோடு ஏறியது. யாரோ அழுத்தியிருந்தார்கள். யாரென்றும் போட்டிருந்தது. சேவை எழும்பி, கதைக்க ஆள் இல்லாமல் நின்றது. பெட்டி அதற்குள் கைவிட்டிருந்ததால் அக்காவின் திரைக்கு எதுவும் போகவில்லை.

புளோறன்ஸ் அக்காவுக்குக் கோல் எடுத்திருக்கலாம். போன் கையில்தான் இருந்தது. முதலில் நினைத்தது, உலகப்பன் ஐயா தந்த வாக்கை மீறிச் சும்மா அழுத்திப் பார்க்கிறார் என்பதுதான். கொஞ்சம் மனவருத்தமாக இருந்தது. பிறகு, உண்மையான அவசரம் என்றால் திரும்பவும் அழுத்துவார்தானே என்று யோசித்தேன். சேவை இப்போது விழித்திருக்கிறது, இரண்டாவது அழுத்தல் கட்டாயம் போய்ச் சேரும். அதனால் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் எடுத்தால் ஏன் பூச்சியமாக இருக்கிறது என்று ஹரிசன் கேட்பான், நான் சொல்ல வேண்டி வரும், பாடம் பாதியில் நின்றுவிடும்.

அவர் திரும்ப அழுத்தவில்லை. கோடு மெல்ல இறங்கிப் பூச்சியத்துக்கு வந்தது. நானும் போனை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.

அடுத்த நாள் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுபோன பெண்தான் கண்டது. கடலைப் பார்க்கும் கதிரையில் உட்கார்ந்தபடி இருந்தாராம். பொத்தான் உள்ளங்கையில். பிற்பகல் முழுவதும் உயிர் இருந்திருக்கும் என்று டொக்டர் சொன்னதாகக் கேள்வி. அந்த நேரம் முழுவதும் பொத்தான் கையில் இருந்திருக்கிறது. ஒரேயொரு முறைதான் அழுத்தியிருக்கிறார். மயங்கிவிட்டார், அதனால்தான் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற வியாபாரி. பொறுமையாக இருக்கச் சொன்னேன், இருந்தார்.

மிச்சம் உங்களுக்குத் தெரியும். தான் ஒன்று என்று மாற்றியதாக ஹரிசன் சொல்கிறான். கிளஸ்டரைப் பார்த்தபோது பூச்சியம்தான் இருந்தது. செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லி ஓர் ஆளைச் சாக விட்டான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். அவன் அம்மா கொச்சிக்கடைக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்திக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். என்னைக் கண்டு, "நீயாவது உண்மையச் சொல்லு மகன்" என்றார்.

அதனால் சொல்கிறேன். ஹரிசன் பொய் சொல்லவில்லை. அவன் மாற்றினான், நான் எழுதிக் கொடுத்தது அதைத் திருப்பியது. திருப்பும் என்று எனக்குத் தெரியும். முதல் அழுத்தல் போய்ச் சேராது என்று தெரியும். இரண்டாவது சேரும் என்றும் தெரியும். இரண்டாவது தடவை அழுத்த வேண்டாம் என்று சொன்னவன் நான். அவர் அழுத்தியதைப் பார்த்தவனும் நான் ஒருவன்தான். உலகப்பன் ஐயா சாகக் காரணம் நான். இதை நீதவானிடம் அப்படியே கொடுங்கள், கையெழுத்து வைக்கிறேன்.

எழுதி முடித்ததும் மனம் லேசாகிவிட்டது. வழக்கம்போல இரண்டாவது தடவை வாசித்தும் பார்த்தேன், பிழை இல்லை.

ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது மிஸ். ஸேர் சொல்லி, போன வாரம் சரியான இடத்திலேயே ஒன்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அந்தச் சேவை இரவு பகலாக முழித்திருக்கிறது. மதியத்தில் யாரும் அழைப்பதுமில்லை. சும்மா எரிந்துகொண்டிருப்பதைப் பார்க்க ஒரு மாதிரி இருக்கிறது. வழக்கு முடிந்த பிறகு அதைத் திரும்பவும் பூச்சியத்துக்கு இறக்குவதில் சட்டப்படி தடை ஏதும் இருக்குமா?