நாலு விரல் முன்னால்

மேஸ்திரி: இறங்கும்மா கீழே. இந்த டெஸ்ட் செல்லாது.

கிரேன்காரி: ஏண்ணே? ரெண்டு டன் இரும்பு. சாக்பீஸ் வட்டத்துக்கு நட்டநடுவுல இறக்கினேன். ஆடிச்சா?

மேஸ்திரி: ஆடல...

கிரேன்காரி: கோட்டைத் தாண்டுச்சா?

மேஸ்திரி: அதான் தாண்டலையே! சந்தேகப்பட்டுத்தான் ஏணி ஏறி வந்தேன். நீ உக்கார்ற சீட்டை எதுக்கு முன்னால நகத்தின?

கிரேன்காரி: நாலே விரல்தாண்ணே.

மேஸ்திரி: நாலு விரலோ, நாலு முழமோ... என்கிட்ட ஆம்பளை பொம்பளை வித்தியாசமே கிடையாது. எல்லாருக்கும் ஒரே கிரேன், ஒரே சீட், ஒரே டெஸ்ட்.

கிரேன்காரி: போன மாசம் மூணு பொண்ணுங்க ஃபெயிலானாங்களே, அன்னைக்கு என்ன சொன்னீங்க?

மேஸ்திரி: என்ன சொன்னேன்?

கிரேன்காரி: "பொம்பளைக்குக் கால் நடுங்கும், கிரேனுக்கு ஒத்துவராது"ன்னு. சீட்டு மாட்டும்போது தெரியாத வித்தியாசம், ஃபெயிலானதும் மட்டும் எப்படிண்ணே கண்ணுக்குத் தெரிஞ்சுது?

மேஸ்திரி: வாய் ரொம்ப நீளம் உனக்கு.

கிரேன்காரி: கால்தான் நீளம் பத்தல. இங்க பாருங்க... சீட்டு பழைய இடத்துல இருந்தா, என் கால் விரல்நுனிதான் பிரேக்கைத் தொடும். எட்டி உதைக்கணும். உதைச்சா கிரேன் சடார்னு நிக்கும். கீழே தொங்குற சுமை நிக்குமா?

மேஸ்திரி: அது எங்க நிக்கும்? ஊஞ்சலா ஆடும்.

கிரேன்காரி: இப்ப பாதம் முழுசாப் படியுது. தட்டித் தட்டி நிறுத்தலாம். சுமை முன்னால போறப்ப கிரேனையும் கொஞ்சம் கூடவே விட்டா, ஆட்டம் தானா அடங்கிடும்.

மேஸ்திரி: சரிதான்... ஆனா இது சலுகைம்மா.

கிரேன்காரி: சலுகையா! நான் புதுசா ஓட்டை போடலண்ணே. கிரேனைச் செஞ்சவங்களே சீட்டு மாட்ட ரெண்டு வரிசை ஓட்டை போட்டு அனுப்பியிருக்காங்க. முன்வரிசையைத் தடவிப் பாருங்க. தேய்ஞ்சு பளபளன்னு... யாரோ வருஷக்கணக்கா இதுல மாட்டி ஓட்டியிருக்காங்க.

மேஸ்திரி: தெரியும், தெரியும்.

கிரேன்காரி: தெரியுமா? யாருண்ணே அது?

மேஸ்திரி: மெதுவாப் பேசு...

கிரேன்காரி: ஐயோ! நீங்களா?

மேஸ்திரி: பதினெட்டு வருஷம். எனக்கு மட்டும் என்ன, பனைமர உயரத்துக்கா கால் இருக்கு? நான் மேஸ்திரி ஆனதும் ஒரு நெட்டையன் வந்தான், பின்னால தள்ளி மாட்டினான். நான் மறந்தே போயிட்டேன்.

கிரேன்காரி: மறந்தீங்களா, மறைச்சீங்களா?

மேஸ்திரி: கிண்டாதே. பேப்பரைக் குடு, கையெழுத்துப் போடுறேன்.

கிரேன்காரி: அப்ப பாஸா?

மேஸ்திரி: பாஸ்தாம்மா, பாஸ்! என்னைவிட நல்லாவே இறக்கின, போதுமா? ஆமா... இந்தச் சீட்டு எழுபது கிலோ. ஒத்தை ஆளா எப்படித் தூக்கின?

கிரேன்காரி: ஒத்தை ஆளா? நீங்க ஃபெயிலாக்கின மூணு பேரும்தாண்ணே காலையில வந்து ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாங்க. இப்ப ஏணியில பாதி ஏறிட்டாங்க... வழி விடுங்க, அடுத்த டெஸ்ட் அவங்களுக்கு!