மச்சான் பிடித்த கயிறு

எங்கள் வீட்டுச் சாளைமீன் குழம்பை ஒருமுறை சாப்பிட்டிருந்தால் விசாரணையை நாளைக்குத் தள்ளி வைத்திருப்பீர்கள். வைப்பவள் என் தங்கை விஜிலா. என் மனைவி இறந்தபின் ஓட்டல் சோற்றில் இளைத்துக் கிடந்த என்னைத் தேற்றியது அவள் கைதான்.

அவள் என்னிடம் வந்ததற்குக் காரணம் போர். அவள் கணவன் ஜெனோ போர் விமானி. விமானத்தோடு காணாமல் போனான். இறந்துவிட்டதாகக் கடிதம் வந்தது. வெறும் பெட்டியில் அவன் சட்டையை வைத்துப் பூசை முடித்து அடக்கினோம். தாலியைக் கழற்றியதும் அவளை அழைத்து வந்துவிட்டேன்.

மூன்று வருடம் கழித்து ஜெனோ தருவைகுளத்தில் ஒரு கள்ளப்படகில் வந்து இறங்கினான். சதை போட்டிருந்தான்.

"குண்டு போடச் சொன்ன இடத்துல பள்ளிக்கூடம் மச்சான். பிள்ளைய எல்லாம் வரிசையா நின்னுச்சு. பிளேனை நேரே அவனுவ ஊர்லயே கொண்டு இறக்கிட்டேன்."

எனக்கு அவன்மேல் கோபம் இல்லை. நானும் அதைத்தான் செய்திருப்பேன். எதிரிகள் அவனுக்கு வீடு கொடுத்திருந்தார்கள். திங்கட்கிழமை விஜிலாவோடு அதே படகில் திரும்புவதாக ஏற்பாடு. அதுவரை ஒரு வலைக்கூடத்தில் ஒளிந்திருந்தான்.

சேதி சொன்னதுமே அவள் பையை எடுத்துவிட்டாள்.

"ஏளா, யோசிச்சியா?"

"இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? அவிய வந்திருக்காவ, போறேன். நீங்க பழையபடி ஓட்டல் ஓட்டலா ஏறி இறங்குங்க."

சிரித்தாள். மூன்று வருடத்தில் அதுதான் முதல் சிரிப்பு. நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆட்கள் தொழிலுக்குப் போவதில்லை. கடல் காலியாகக் கிடக்கும். 'சங்கெடுக்க ஒரு முக்கு முக்குவோமா' என்று நான்தான் கூப்பிட்டேன். சங்கு குளித்தவர் மகனல்லவா, என் படகில் துள்ளி ஏறினான்.

சங்குகுளியில் ஒரு வழக்கம் உண்டு. கீழே போகிறவனின் கயிற்றையும் காற்றுக்குழாயையும் மேலே மச்சான்தான் பிடிப்பான், மனைவியின் உடன்பிறந்தவன். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? நல்ல வழக்கம்தான். ஆனால் விஜிலாவின் தாலி எப்போதோ இறங்கிவிட்டதே.

ஆளை அடிக்கு இறக்கும் ஈயப்பட்டையை அவன் இடுப்பில் நானே கட்டினேன். இழுத்தால் அவிழ்கிற முடிச்சாகப் போட வேண்டும். நான் வேறு முடிச்சுப் போட்டேன்.

"இறுக்குது மச்சான்."

"எதிரி சோறு தின்ன தொப்பைலா அது."

சிரித்துக்கொண்டே குதித்தான்.

ஒன்பது பாக ஆழம், ஐம்பது அடிக்கு மேல். குழாய்க்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரை நிறுத்தினேன். கயிறு மூன்று முறை இழுபட்டது. தூக்கு என்று அர்த்தம். பிறகு எண்ணாமல் இழுபட்டது. கை வலித்ததால் விட்டுவிட்டேன்.

வீட்டில் பை வாசலில் இருந்தது. அவனுக்கு மனசு மாறிவிட்டது, தனியாகவே போய்விட்டான் என்றேன். ஒருமுறை கட்சி மாறியவன் மறுமுறையும் மாறினான் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? "எங்கிட்ட ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?" என்று மட்டும் கேட்டாள்.

நீங்களும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள், ஐயா. ஒரே பெண்ணை இரண்டு தடவை விதவையாக்க எனக்கு மனம் வரவில்லை.