லிஃப்ட் பழுது

எனக்கு வணக்கம் சொல்லாமல் அந்தக் கட்டடத்துக்குள் யாரும் நுழைய மாட்டார்கள். லிஃப்ட் இயக்குபவனுக்கு அப்படி ஒரு மரியாதை எளிதில் கிடைக்காது, ஐயா.

நான்காம் மாடியில் தட்டச்சு வேலை பார்த்த பெண்ணும் சொல்வாள். பருத்த உடம்பு. அவள் லிஃப்டுக்குள் வந்தால் மற்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொள்வார்கள். “அக்கா, மூச்சை மட்டும் இழுத்து விட்டுடாதீங்க, கயிறு அறுந்துடும்” என்பான் கேஷியர். அவளும் சேர்ந்து சிரிப்பாள். நான் ஒருநாளும் சிரித்ததில்லை. அதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

கேலி பேசி யாரைத் திருத்த முடியும்? நடந்தால்தான் உடம்பு குறையும். அதனால் தெருமுனையில் அவள் தலை தெரிந்ததும் ‘லிஃப்ட் பழுது’ என்ற பலகையை மாட்டுவேன். அவள் படியேறி மறைந்ததும் கழற்றுவேன். அதுவரை மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருப்பார்கள். கேஷியர் எனக்கு டீ வாங்கித் தர ஆரம்பித்தான்.

ஒருநாள் அவள் படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“காலையில மட்டும் கெட்டுப்போகுதே, அண்ணே?”

“மெஷின்தானேம்மா.”

“இதயம் சரியில்லை, படி ஏறாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

“மெதுவா ஏறுங்க. நல்லதுதான்.”

உடம்பு வணங்காதவர்களுக்கு எப்படியும் ஒரு டாக்டர் அகப்பட்டுவிடுவார்.

துப்புரவு வேலை பார்க்கும் அம்மா, இரண்டாம் மாடித் திருப்பத்தில் அவளுக்காக ஒரு நாற்காலி போட்டுவைத்தாள். உட்கார இடம் கொடுத்தால் எப்படி இளைப்பாள்? எடுத்துப் பூட்டிவிட்டேன். மறுநாளிலிருந்து அந்த அம்மா இவள் பையை வாங்கிக்கொண்டு, நின்று நின்று, கூடவே ஏறினாள்.

போன வாரம் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல், வரவில்லை. தட்டச்சுப் பெண் தனியாகத்தான் ஏறினாள். படியில் வேறு யாரும் நடப்பதில்லை என்பதால் மதியம்வரை யாரும் பார்க்கவில்லை. நாற்காலி இருந்த இடத்தில், பையை மடியில் வைத்தபடி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

பலகையை மாட்டியது நான்தான். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எனக்கு ஈரமில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஸ்ட்ரெச்சர் தூக்க வந்தவர்கள் படியில் திணறியதும் நானே ஓடிப்போய் லிஃப்டைத் திறந்துவிட்டேன். பாவம், அவ்வளவு கனத்தைத் தூக்கிக்கொண்டு மனிதர்கள் எப்படிப் படியில் நடப்பார்கள்?