தவுக்கே தனலெட்சுமி

உங்கள் ஸ்டேஷன் கேண்டீன் கோழிக் குழம்பு நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. கோழிதான் ஐஸில் கொஞ்சம் அதிகமாகக் கிடந்துவிட்டது. வாயில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும். தொழில் அப்படி.

கோலா பிலா பக்கம் பள்ளி விடுதிகளுக்கெல்லாம் கோழியும் மீனும் போட்டுக்கொண்டிருந்தவன் நான். பிறகு அரசாங்கம் ஒரு நல்ல காரியம் செய்தது. இனி இந்த டெண்டர் சின்ன வியாபாரிகளுக்குத்தான், அதிலும் எஸ்டேட் பின்னணியில் வந்த ஏழைப் பெண்களுக்கு முன்னுரிமை என்றது. நான் அதைக் குறை சொல்லவே மாட்டேன். கைதூக்கிவிட ஆளில்லாதவர்களை அரசாங்கம்தானே தூக்கிவிட வேண்டும்? எனக்கு இருந்த ஒரே குறை, நான் ஏழையில்லை என்பதுதான். லாரிகள் இருந்தன, கோழியையும் மீனையும் உறைய வைக்கிற கோல்ட் ரூம் இருந்தது. ஏழை மட்டும்தான் வேண்டும். ஏழையும் என்னிடமே இருந்தாள்.

தனலெட்சுமி என் கடையில் கோழி வெட்டுகிறவள். புருஷன் எஸ்டேட்டில், பால்மரத் தோட்டத்தில் வேலை பார்த்துச் செத்துப்போனான். ஒரே மகள், மாதவி, சிரம்பானில் காலேஜ் படிக்கிறது. தனலெட்சுமி பேரில் ஒரு கம்பெனி திறந்தேன். பேர் அவளுடையது, மற்றதெல்லாம் என்னுடையது. அவளும் சரியென்றாள். நல்ல மனசு.

அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், யார் முதலாளி என்று கேட்பார்கள். நம் ஆட்கள் தமிழனை முதலாளி என்பார்கள், சீனரைத் தவுக்கே என்பார்கள். அதிகாரிகளுக்கோ எல்லாரும் தவுக்கேதான். அதனால் ஒத்திகை பார்த்தோம். “சியாப்பா தவுக்கே?” என்று நான் கேட்பேன், யார் முதலாளி என்று. அவள் பழக்கதோஷத்தில் கத்தியை என் பக்கம் நீட்டுவாள். கடையே சிரிக்கும். “உன்னைக் காட்டு லா, தனம்” என்று தலையில் அடித்துக்கொள்வேன்.

அதிகாரி வந்த அன்று நான் ஏப்ரன் கட்டிக்கொண்டு கோழி வெட்டினேன். அவர் கேட்டதும் தனலெட்சுமி கையைத் துடைத்து, நெஞ்சில் வைத்து, “சாயா தவுக்கே” என்றாள். நான்தான் முதலாளி என்று அர்த்தம். குரலில் துளி நடுக்கமில்லை. என்னைக் காட்டி இது யார் என்றார். “நம்ம வேலைக்காரர்” என்று மலாயில் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது, சொல்லிக்கொடுத்தவன் நானாயிற்றே.

ஆனால் அந்த வார்த்தை அவள் வாயோடு நிற்கவில்லை, ஐயா. டிரைவர் நல்லசாமி கேலியாகத் தவுக்கே என்று கூப்பிட ஆரம்பித்தான். அவளுக்குக் கேலி காதில் விழவில்லை. ஒருநாள் லேசாக வாடைவந்த மீனை லாரியில் ஏற்றியிருந்தேன். அவள் குறுக்கே போய் நின்றாள்.

“அண்ணே, இது பிள்ளைங்க சாப்பிடறது. ஏத்தாதீங்க லா.”

“ஒனக்கென்னா வந்துச்சு?”

“நாந்தானே தவுக்கே.”

நான் சிரித்தேன். நல்லசாமி சிரிக்கவில்லை, மீனை இறக்கினான். அவளுக்குக் கீழ்ப்படிந்து இறக்கினான். எனக்கு அது வலித்தது, ஐயா. மறைத்து என்ன, நெஞ்சு எரிந்தது.

அடுத்த டெண்டரைத் தானே எடுத்துச் செய்வதாகச் சொன்னாள். கம்ப்யூட்டர் வேலையை மாதவி பார்த்துக்கொள்ளுமாம். அந்த டெண்டர் போனால் என் கடையில் ஒன்றுமே மிஞ்சாது. அவளுக்கும் அது தெரியும் போல, பாவம், இரக்கப்பட்டாள். “கவலைப்படாதீங்க அண்ணே, நீங்க நம்மகிட்டயே வேலைக்கு இருங்க” என்றாள்.

எங்கள் கோல்ட் ரூம் கதவுக்கு உள்பக்கக் கைப்பிடி போன தீபாவளிக்கே உடைந்து அப்படியே கிடந்தது. உள்ளே போகிறவர்கள் கதவிடுக்கில் கோழிக் கூடை ஒன்றை வைத்துவிட்டுத்தான் போவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையில் யாருமில்லை. சரக்குப் பார்க்க அவள் உள்ளே போயிருந்தாள், தவுக்கே அல்லவா. நடைவழியில் கூடை கிடந்தது. இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எப்போதும் சொல்கிறவன் நான். கூடையை எடுத்து அதனிடத்தில் அடுக்கினேன். கதவு தானாகவே மூடிக்கொண்டது. நான் தள்ளவில்லை, எழுதும்போது இதைச் சரியாக எழுதுங்கள்.

தட்டினாள். முதலில் “அண்ணே” என்றாள். பிறகு “சசி அண்ணே”. ரொம்ப நேரம் கழித்து, “முதலாளி, கதவைத் தொறங்க முதலாளி” என்றாள். அந்த வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. மனசு குளிர்ந்துவிட்டது. திறந்திருக்கலாம்தான். ஆனால் வெளியே வந்தால் மறுபடி தவுக்கே ஆகிவிடுவாளே. எதிர்க்கடையில் போய்த் தேத்தண்ணி குடித்தேன். திங்கட்கிழமை வேலைக்காரர்கள் திறந்தார்கள்.

மாதவியைப் பற்றி நீங்கள் கவலைப்படாதீர்கள். கம்பெனி இப்போது அது பேரில் இருக்கிறது, சாவு வீட்டிலேயே கையெழுத்து வாங்கிவிட்டேன். தாயும் தகப்பனும் இல்லாத எஸ்டேட் பிள்ளை. இந்த முறை அதற்குத்தான் முதலிடம் என்று ஆபீஸில் சொன்னார்கள். அம்மா இருந்திருந்தால் அந்தத் தகுதி அதற்கு வந்திருக்குமா, ஐயா? வெளியே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறதாமே, கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள்.